பத்து நாள் என்று வந்த செவலை: அறுவை முடிந்த தெருநாயை வீட்டில் வைத்துத் தேற்றும் விதம்

"அக்கா, பத்து நாள்தான்க்கா. ஆபரேஷன் முடிஞ்சு அது எந்திரிச்சு நின்னதும் நாங்களே வந்து கூட்டிட்டுப் போயிருவோம்" என்றான் தம்பி. நாய் மீட்கிற பிள்ளைகள் சொல்லும் நாள்கணக்கை ஆறால் பெருக்கிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு அப்போது தெரியாது. செவலை என்னிடம் ஒன்பது வாரம் இருந்தாள்.

நான் மதுரை செல்லூரில் ஜாக்கெட் தைக்கிறவள். மாடியில் வீடு, கீழே தையல் அறை. 2024 மார்ச் கடைசியில் ஒத்தக்கடைப் பக்கம் நாலுவழிச் சாலையில் ஏதோ வண்டி அடித்துப் போட்டுவிட்டுப் போன நாய் அவள். ஒரு வயதுக்குள்தான் இருக்கும், பதிமூன்று கிலோ, செம்மண் நிறம். இடது பின்னங்காலில் தொடை எலும்பு நடுவில் உடைந்திருந்தது. பிளேட் வைத்து ஸ்க்ரூ போட வேண்டும், அதற்கு முன்னும் பின்னும் ஓரிடத்தில் வைத்துப் பார்க்க ஆள் வேண்டும். ஃபாஸ்டர் என்று சொல்வது இதைத்தான். அவளுக்குப் பிறகு இன்னும் மூன்று நாய்கள் அதே அறையில் படுத்துத் தேறிப் போயிருக்கின்றன. நாலு பேரிடமும் கற்றுக்கொண்டதை இங்கே எழுதுகிறேன். டாக்டர் வேலை இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். மிச்சம் ஆறு வாரமும் நம் பாடு. அதில் முக்கால்வாசி ஒரே வேலைதான்: ஊரெல்லாம் ஓடித் திரிந்த நாயை ஓடவிடாமல் வைத்திருப்பது.

சரி என்று சொல்வதற்கு முன்

நாய் முகத்தைப் பார்த்துவிட்டால் நமக்குப் பேச்சு வராது. ஆகவே பேச வேண்டியதை அது ஆட்டோவை விட்டு இறங்குவதற்கு முன்பே பேசிவிடுங்கள். செலவு யாருடையது, எந்த டாக்டர், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ரத்தம் கசிந்தால் யாருக்குப் போன் அடிப்பது, மறுபடி காட்டுவதற்குக் கொண்டுபோக வண்டி யார் அனுப்புவது, வளர்க்க ஆள் கிடைக்காவிட்டால் என்ன செய்வது. வாயால் பேசியதை வாட்ஸ்ஆப்பில் ஒருமுறை எழுத்தாகவும் வாங்கிக்கொள்ளுங்கள். சண்டைக்காக இல்லை. ஒரே நாளில் ஏழெட்டு நாய்களுக்கு ஓடுகிற பிள்ளைகள், மறந்துபோவார்கள், அவ்வளவுதான்.

பக்கத்து வீட்டுக்கும் சொல்லிவிடுங்கள். முதல் மூன்று நாள் ராத்திரி அழுகைச் சத்தம் கேட்கும். முன்கூட்டியே சொன்னால் "பாவம், வலிக்குதோ" என்பார்கள். சொல்லாமல் இருந்தால் வீட்டு ஓனருக்குப் போன் போகும்.

அப்புறம் ரேபிஸ். தெருநாய்களோடு பழகப் போகிறோம் என்றால் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டுக்கொள்வது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கடித்தாலும், நகம் கீறி ரத்தம் வந்தாலும், நம் புண்ணில் எச்சில் பட்டாலும், சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி இலவசம். அட்டையில் எழுதித் தருகிற தேதியில் ஒன்றைக்கூட விடக்கூடாது. முன்பே ஊசி போட்டவர்களுக்கும் கடித்த பிறகு மறுபடி உண்டு. மஞ்சள் வைத்தேன், சுண்ணாம்பு தடவினேன் என்று உட்கார்ந்திருக்காதீர்கள்.

வலியில் இருக்கிற நாய் யாரையும் கடிக்கும், சோறு போட்ட கையையும் கடிக்கும். செவலையைத் தூக்கும்போதெல்லாம் முதல் வாரம் பழைய துப்பட்டாவால் வாய்க்கட்டுப் போட்டேன்: மூக்குக்கு மேலே ஒரு சுற்று, தாடைக்குக் கீழே ஒரு முடிச்சு, காதுக்குப் பின்னால் உருவிக்கொள்கிற மாதிரி இன்னொரு முடிச்சு. வேலை முடிந்ததும் உடனே அவிழ்த்துவிட வேண்டும். வாந்தி எடுக்கிற நாய்க்கும் மூச்சு வாங்குகிற நாய்க்கும் வாயைக் கட்டக்கூடாது.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் இரண்டு வாரமாவது தனித்தனி அறை, தனித்தனித் தட்டு. பார்வோ, டிஸ்டெம்பர் என்கிற நாய்த் தொற்றுநோய்கள் உள்ளே இருந்து சில நாள் கழித்துத்தான் வெளியே காட்டும்.

ரத்தமும் ரஸ்க்கும்

எலும்புதானே உடைந்தது, ரத்தப் பரிசோதனை எதற்கு என்று கேட்காதீர்கள். நம் ஊர்த் தெருநாய்களில் உண்ணிக் காய்ச்சல் சர்வசாதாரணம். அதனால் செவலைக்கு இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய பிளேட்லெட் அறுபதாயிரம்தான் இருந்தது. அந்த நிலையில் கத்தி வைத்தால் ரத்தம் உறையாது. டாக்ஸிசைக்ளின் கொடுத்து, வலிக்கும் மருந்து கொடுத்து, ஒரு வாரம் கூண்டிலேயே வைத்திருந்து எண்ணிக்கை ஏறிய பிறகுதான் தேதி குறித்தார்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்பதும் அதே ரத்தத்தில் தெரிந்துவிடும்.

முதலில் குறித்த தேதி ஏப்ரல் 8. அன்றைக்கு ஆபரேஷன் நடக்கவில்லை, காரணம் ஒரு ரஸ்க். முந்தின ராத்திரியோடு சாப்பாட்டை நிறுத்தியிருந்தேன். காலையில் நான் குளிக்கப் போன நேரம் அத்தை கீழே இறங்கி, "வாயில்லா ஜீவன், வெறும் வயித்தோட போகுதே" என்று டீயில் நனைத்து ஊட்டிவிட்டார். மயக்கத்தில் இருக்கும்போது வயிற்றில் இருப்பது மேலே வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. ஆகவே எட்டிலிருந்து பன்னிரண்டு மணி நேரம் வரை, டாக்டர் சொல்கிற கணக்குப்படி, வெறும் வயிறு. தண்ணீரை எப்போது நிறுத்துவது என்று தனியாகக் கேளுங்கள். கேட்டதைக் கூண்டின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிடுங்கள். அத்தைமார் இல்லாத வீடு கிடையாது. தவறிப்போய் ஏதாவது கொடுத்துவிட்டால் டாக்டரிடம் மறைக்காதீர்கள். நான் சொன்னேன், அவர் திட்டிவிட்டு மறுநாளைக்குத் தள்ளிவைத்தார்.

முதல் ராத்திரி

ஆபரேஷன் முடிந்து வருகிற நாய் நம் நாய் மாதிரியே இருக்காது. கண் பாதி திறந்திருக்கும், ஆனால் நம்மைப் பார்க்காது. முனகும், உடம்பு நடுங்கும், நாக்கு பக்கவாட்டில் தொங்கும். மயக்கம் தெளிகிற விதம் இது, வலியால் மட்டும் வருவதில்லை. தரையிலேயே படுக்கை போடுங்கள். கட்டில், சோபா எதுவும் வேண்டாம், அரை மயக்கத்தில் எழுந்து விழுந்தால் போட்ட பிளேட் வளைந்துவிடும். மதுரை ஏப்ரலில் யாருக்குக் குளிரும் என்று ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிடாதீர்கள். மயக்க மருந்து உடம்புச் சூட்டை இறக்கும். காது நுனியும் பாதமும் சில்லென்று இருந்தால் ஒரு பருத்திச் சேலையை மடித்துப் போர்த்துங்கள்.

நன்றாகத் தலை தூக்கி, பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிற வரைக்கும் தண்ணீர்கூடக் கூடாது. அதன் பிறகு இரண்டு மடக்கு, அது வாந்தியாகாமல் வயிற்றில் நின்றால் இன்னும் கொஞ்சம். வழக்கமாகத் தின்பதில் கால் பங்கு சோறு போதும். அன்றைக்குத் தின்னாவிட்டாலும் பரவாயில்லை.

அந்த ராத்திரி நான் பார்த்த ஒரே சோதனை ஈறு. உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி விட்டால் வெள்ளையாகி, இரண்டு விநாடிக்குள் மறுபடி இளஞ்சிவப்பாக வேண்டும். வெளுத்தே இருந்தாலோ, நீலம் பாய்ந்தாலோ, வயிறு உப்பினாலோ, கட்டு ரத்தத்தில் நனைந்துகொண்டே போனாலோ விடியட்டும் என்று காத்திருக்கக்கூடாது.

ஒரு நாளுக்குள் ஒன்றுக்குப் போக வேண்டும், போகாவிட்டால் போன் செய்யுங்கள். இரண்டுக்கு மூன்று நாள்கூட ஆகும். செவலை நாலாம் நாள்தான் போனாள். நான் மூன்று நாளும் அதையே பேசிப் பேசி வீட்டில் யாரும் நிம்மதியாகச் சாப்பிட முடியவில்லை.

கூண்டு

இதைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் தகும். எலும்பு சேர ஆறிலிருந்து எட்டு வாரம், பெரிய நாய்க்குப் பன்னிரண்டுகூட ஆகலாம். ஆனால் ஐந்தாம் நாளே நாய்க்கு வலி குறைந்துவிடும். வலி போனதும் தான் நோயாளி என்பதே அதற்கு மறந்துவிடும். குதிக்கும். ஒரே ஒரு குதி போதும், ஸ்க்ரூ பிடுங்கிக்கொண்டு வர.

கூண்டு எழுந்து நிற்க, திரும்ப, காலை நீட்டிப் படுக்கிற அளவு இருந்தால் போதும். பெரிதாக இருந்தால் நல்லது என்று நினைக்கத் தோன்றும், ஆனால் பெரிய கூண்டுக்குள் ஓடத்தான் செய்யும். எனக்குத் தம்பிகளே மடக்குகிற கம்பிக் கூண்டு ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அடியில் பிளாஸ்டிக் ஷீட், அதன் மேல் ரப்பர் மேட், அதன் மேல் பழைய போர்வை. டைல்ஸ் தரையில் எழுந்து நிற்கிற நாய்க்குப் பின்னங்கால் வழுக்கி விரிந்துவிடும். கூண்டிலிருந்து வாசல் வரைக்கும் கோணிச் சாக்கு விரித்து வைத்தேன், அது அசையாமல் இருக்க நாலு பக்கமும் இஸ்திரிப் பெட்டி, செங்கல் என்று கனமாக எதையாவது வைத்தேன்.

ஒன்றுக்கு வெளியே கொண்டுபோவது தனி வித்தை. ஒரு நீளத் துண்டை வயிற்றுக்கு அடியில், பின்னங்காலுக்கு முன்னால் கொடுத்து, இரண்டு முனையையும் முதுகுக்கு மேலே ஒரு கையில் சேர்த்துப் பிடிக்க வேண்டும். இன்னொரு கையில் கழுத்துக் கயிறு. தூக்கக் கூடாது, பின்பாரத்தைத் தாங்க மட்டும்தான். துண்டு மூத்திரத் துவாரத்தை அழுத்தினால் நாய் ஒன்றுக்கு இருக்காமல் நின்றுகொண்டே இருக்கும். செவலை அப்படி இருபது நிமிஷம் நின்றாள், நானும் கூட நின்றேன். துண்டை இரண்டு விரற்கடை முன்னால் தள்ளியதும் உட்கார்ந்துவிட்டாள். கட்டு இருக்கிற காலத்தில் வெளியே போகும்போது கழுவிக் காயவைத்த ஆவின் பால் கவரைக் காலில் மாட்டி மேலே தளர்வாகக் கட்டுங்கள், உள்ளே வந்ததும் கழற்றிவிடுங்கள். உள்ளே வியர்த்தால் புண்ணுக்கு ஆகாது.

கட்டுக்குக் கீழே தெரிகிற பாதத்தைத் தினமும் பாருங்கள். நடு இரண்டு விரல் நகங்களும் ஒட்டி நேராக இருக்க வேண்டும். அவை விலகி விரிந்திருந்தால் பாதம் வீங்குகிறது, கட்டு இறுக்கம் என்று பொருள். அன்றைக்கே அவிழ்த்துக் கட்ட வேண்டும், அதையும் டாக்டர்தான் செய்ய வேண்டும்.

தெருவில் வளர்ந்த நாய்க்கு அடைப்பு என்றாலே பயம். கூண்டின் மூன்று பக்கமும் பழைய பாவாடைத் துணியால் மறைத்து, நான் உட்காரும் பக்கத்தை மட்டும் திறந்துவிட்டேன். தையல் மிஷின் மோட்டார் சத்தத்துக்கு முதல் நாள் மிரண்டாள். மூன்றாம் நாள் அந்தச் சத்தம் நின்றால்தான் தலை தூக்கிப் பார்த்தாள். பொழுதுபோக்குக்குப் பழைய துண்டு ஒன்றைச் சுருட்டி மடிப்புகளுக்குள் அவித்த கோழிக்கறித் துணுக்குகளை வைத்துக் கொடுப்பேன், பிரித்து எடுக்க கால் மணி நேரம் ஆகும். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள், துண்டையும் சேர்த்து விழுங்குகிற நாய் உண்டு.

வெயிலுக்கு மண்பானைத் தண்ணீர், கூண்டுக்கு வெளியே தரையில் ஈரச் சாக்கு. காலில் போட்ட கட்டு ஈரமாகக்கூடாது. மூச்சு இளைப்பது வெயிலாலா வலியாலா என்று குழப்பம் வரும். நான் பின்னிரவு மூன்று மணிக்கு ஒருமுறை இறங்கிப் பார்ப்பேன். ஊரே குளிர்ந்து கிடக்கிற அந்த நேரத்திலும் நாக்கைத் தொங்கப்போட்டு இளைத்தால் அது வலி.

பகலில் கூண்டின் மேல் கொசுவலை போடுங்கள். ஈ முட்டை ரவை மாதிரி வெள்ளையாகப் புண் ஓரத்தில் ஒட்டியிருக்கும், ஒரு நாளில் புழுவாகிவிடும். டர்பன்டைன் ஊற்று, பெட்ரோல் ஊற்று, அந்துருண்டையைப் பொடித்துப் போடு என்று ஆளாளுக்குச் சொல்வார்கள். ஒன்றும் வேண்டாம். நேராக டாக்டரிடம் போங்கள்.

தையலும் சட்டையும்

தினமும் காலையில், ஒரே நேரத்தில், ஒரே வெளிச்சத்தில் தையலைப் பார்த்து போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாள் வரைக்கும் லேசான சிவப்பும் வீக்கமும் இருக்கும். அதன் பிறகு நேற்றைய படத்தைவிட இன்றைய படம் நன்றாக இருக்க வேண்டும். சீழ், கெட்ட வாடை, கை வைத்தால் சூடு, விளிம்பு விலகி உள்சதை தெரிவது, இவற்றில் எதையும் நாளை பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள். எனக்குத் தொழில் தையல் என்பதால் பார்த்த உடனே தோன்றியது: டாக்டர் ஒவ்வொரு தையலையும் தனித்தனியாக முடிச்சுப் போட்டிருக்கிறார், நாம் ஓட்டுகிற மாதிரி ஒரே நூலில் ஓட்டவில்லை. ஒன்று பிரிந்தாலும் மற்றது நிற்கும். அந்த ஏற்பாடு என்னைக் காப்பாற்றியது எப்படி என்று சொல்கிறேன்.

கழுத்தில் போடுகிற கூம்பை எல்லோரும் கோன் என்கிறார்கள். அதைப் போட்டுக்கொண்டு நாய் விழிக்கிற விழியைப் பார்த்தால் கழற்றத்தான் தோன்றும். பத்தாம் நாள், ஏப்ரல் 19, ஓட்டுப் போடுகிற நாள். செவலை அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போய்விட்டு அரை மணியில் வந்துவிடலாம் என்று கோனைக் கழற்றி வைத்துவிட்டுப் போனேன். வரிசையில் ஒன்றரை மணி நேரம் நின்றேன். திரும்பி வந்தபோது பதினொரு தையலில் இரண்டைக் காணோம். நல்லவேளையாக உள்தையல் பிடித்திருந்தது. டாக்டர் சுத்தம் செய்து மருந்து போட்டு, "கோனைக் கழற்றியது யார்?" என்று கேட்டார். மையோடு இருந்த விரலை மடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகுதான் புண்ணை மூடுகிற மாதிரி அவளுக்குச் சட்டை தைத்தேன். பழைய பனியன் துணிதான் சரி. இழுத்தால் இழுபட வேண்டும், காற்றுப் போக வேண்டும். மூன்று அளவு எடுங்கள்: கழுத்தடியிலிருந்து வால் தொடங்கும் இடம் வரை நீளம், முன்னங்காலுக்குப் பின்னால் நெஞ்சுச் சுற்று, அடிபட்ட காலின் தொடைச் சுற்று. ஆம்பளை பனியனை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள்: கழுத்து கழுத்துக்கு, கைத்துளைகள் முன்னங்காலுக்கு, அடிப்பக்கத்தை வாலுக்கு இரண்டு பக்கமும் வருகிற மாதிரி வெட்டி, அடிபட்ட பக்கம் மட்டும் முழங்கால் வரைக்கும் ஒரு குழாய் மாதிரி கால். வாலுக்கும் அடிவயிற்றுக்கும் தாராளமாக இடம் விடுங்கள், இல்லாவிட்டால் நாளைக்கு ஐந்து முறை துவைக்க வேண்டிவரும். எல்லா இடத்திலும் இரண்டு விரல் நுழைகிற தளர்வு வேண்டும். மடிப்புத் தையல் புண் மேல் உரசாதபடி வெளிப்பக்கம் வரட்டும். பட்டன் வைக்காதீர்கள், தின்றுவிடும். முதுகில் வெல்க்ரோ போதும். மூன்று செட் இருந்தால் காலையும் மாலையும் மாற்றலாம். சட்டை இருக்கிறது என்று ஆள் இல்லாத நேரத்தில் கோனை எடுத்துவிட வேண்டாம். துணியோடு சேர்த்துக் கடிப்பதற்கு நாய்க்கு எவ்வளவு நேரம் ஆகும்?

புண்ணில் மஞ்சள், தேங்காய் எண்ணெய், டெட்டால் எதுவும் வேண்டாம். டாக்டர் எழுதியது மட்டும்.

மருந்து, சோறு

வீட்டில் இருக்கிற பாராசிட்டமால், டைக்ளோஃபினாக், இப்யூபுரூஃபன் எதையும் நாமாகக் கொடுக்கக்கூடாது. நமக்கு வலி போக்குவது நாயின் ஈரலையும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். டாக்டர் தருகிற வலி மருந்தைச் சோற்றுக்குப் பிறகு கொடுங்கள். வாந்தி வந்தாலோ, மலம் தார் மாதிரி கறுத்தாலோ அடுத்த வேளையை நிறுத்திவிட்டுப் போன் செய்யுங்கள்.

டாக்ஸிசைக்ளினை வெறும் தொண்டையில் போடாதீர்கள், உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். சோற்றோடு கொடுத்து, மேலே தண்ணீர் குடிக்க வையுங்கள். தயிரிலும் பாலிலும் வைத்துக் கொடுத்தால் மருந்து சரியாக உடம்பில் சேராது. எனக்குக் கைகொடுத்தது அவித்த ஈரல். முதலில் மருந்தில்லாத துண்டு, இரண்டாவதில் மாத்திரை, மூன்றாவதை உடனே மூக்குக்கு முன்னால் காட்டினால் இரண்டாவதை மெல்லாமல் விழுங்கிவிடும்.

சோறு, எலும்பெடுத்த கோழி, கொஞ்சம் கேரட், முட்டை. வெங்காயம் கூடவே கூடாது, குழம்பு ஊற்றிய சோறு அதனால்தான் ஆகாது. அவித்த எலும்பு உடைந்து குடலைக் கிழிக்கும். ஓடாமல் படுத்திருக்கிற நாய் குண்டாகும், அந்தக் கனம் முழுவதும் உடைந்த காலில்தான் இறங்கும். எடை ஏறினால் சோற்றைக் குறையுங்கள், கறியைக் குறைக்காதீர்கள்.

அழகர் வந்த வாரம்

ஆபரேஷன் தேதி குறிக்கும்போது காலண்டரைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. ஏப்ரல் 9இல் ஆபரேஷன், பதினாலாம் நாள் தையல் பிரிக்க வேண்டும். எண்ணிப் பாருங்கள், ஏப்ரல் 23. அன்றைக்குத்தான் கள்ளழகர் வைகையில் இறங்குகிறார். கோரிப்பாளையம், தல்லாகுளம், பாலம் எங்கும் தலை மட்டும்தான் தெரியும். பதிமூன்று கிலோ நாயோடு ஆட்டோ எங்கே போகும்? போன் செய்து 25ஆம் தேதிக்கு மாற்றிக்கொண்டேன். இரண்டு நாள் தள்ளிப் பிரிப்பதால் ஒன்றும் ஆகாது என்றார் டாக்டர்.

ஆனால் முந்தின நாள் அழகரை ஊரே எதிர்கொண்டு வரவேற்கிற எதிர்சேவை ராத்திரியை மாற்ற முடியாதே. கொட்டு, வேட்டு, மைக் செட். ஒரு வேட்டுச் சத்தத்துக்குச் செவலை கூண்டுக்குள்ளேயே துள்ளினாள். சன்னல் கதவைச் சாத்தி, கூண்டின் நாலாவது பக்கத்தையும் துணியால் மூடினேன், நடுக்கம் நிற்கவில்லை. கடைசியில் மிஷினில் நூல் கோக்காமல், துணியை அழுத்துகிற பாதத்தைத் தூக்கி வைத்துவிட்டு சும்மா ஓட்டினேன். அவளுக்குப் பழகின சத்தம். ஐந்து நிமிஷத்தில் தலையைக் கீழே போட்டாள். நிறுத்தினால் எழுந்துவிடுகிறாள். அந்த வருஷம் நான் அழகரைப் பார்க்கவில்லை, விடிய விடிய துணியில்லாமல் தைத்துக்கொண்டிருந்தேன். தீபாவளி, பொங்கல், பக்கத்துத் தெருக் கோவில் கொடை எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு தேதி கேளுங்கள். தவிர்க்க முடியாவிட்டால் பயத்துக்கு மருந்து உண்டா என்று டாக்டரிடம் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

நடக்க விடுவது

ஓட விடாதே என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இதைச் சொல்கிறேன்: காலை அசையாமலே வைத்திருப்பதும் தப்பு. சின்ன வயது நாய்க்குத் தொடை எலும்பு உடைந்தால், முன்தொடைச் சதை சுருங்கி எலும்போடு ஒட்டிக்கொள்ளும். முழங்கால் மடங்காமல் கட்டை மாதிரி விறைத்துவிடும். அப்புறம் எலும்பு சேர்ந்தும் பயனில்லை. ஆகவே எந்த நாளிலிருந்து காலை மடக்கி நீட்டலாம் என்று டாக்டரிடம் கேட்டு, அவர் செய்து காட்டுவதை வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். செவலைக்கு நாளைக்கு மூன்று வேளை, வேளைக்குப் பத்துத் தரம், மெதுவாக. திரும்பிப் பார்த்தால், உதட்டை நக்கினால், உடம்பு விறைத்தால் அந்த இடத்தோடு நிறுத்த வேண்டும்.

கயிற்றில் நடை ஐந்து நிமிஷத்தில் தொடங்கும். மிக மெதுவாக நடக்க வேண்டும். வேகமாகப் போனால் நாய் அந்தக் காலைத் தூக்கிக்கொண்டு மூன்று காலில் ஓடிவிடும். மெதுவாக நடந்தால்தான் பாதத்தைக் கீழே வைக்கும். இரண்டாவது வாரம் நுனிவிரல் தரையைத் தொட்டது. அதுவே தொடாமல் தூக்கியே வைத்திருந்தால் சொல்லாமல் இருக்காதீர்கள்.

ஐந்தாவது வாரம் எதிர்பாராத ஒன்று நடந்தது. அவளுக்குப் பருவம் வந்துவிட்டது. செல்லூரில் எத்தனை ஆண் நாய் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்தது, எல்லாம் எங்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தன. ஜாக்கெட் வாங்க வந்தவர்கள் தெருமுனையிலிருந்து போன் செய்தார்கள். பருவம் வந்த நேரத்தில் ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் கருத்தடை ஆபரேஷனை இரண்டு மாதம் தள்ளிவைக்கச் சொன்னார் டாக்டர். பெண் நாயை எடுக்கும்போது இதை முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

ஆறாவது வாரம், கத்திரி வெயிலில், எக்ஸ்ரே எடுத்தோம். உடைந்த இடத்தில் புது எலும்பு மேகம் மாதிரி சூழ்ந்திருந்தது. அது தெரிந்த பிறகும் ஒரே நாளில் அவிழ்த்துவிடக்கூடாது. நடையை வாரத்துக்கு ஐந்து நிமிஷம் கூட்டுங்கள், படிக்கட்டு கடைசியில்.

அனுப்புவது

மேலூருக்கு அந்தப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிற குடும்பம் கேட்டது. நல்ல மனுஷர்கள். ஆனாலும் நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன். தோப்புக்குள் மொட்டைக் கிணறு ஒன்று இருந்தது, சுவரே இல்லை. காலில் பிளேட் இருக்கிற நாய் உள்ளே விழுந்தால் நீந்தி ஏற முடியாது. சுற்றிக் கம்பி வேலி போட்டுப் படம் அனுப்புங்கள், அப்புறம் கூட்டிவருகிறேன் என்றேன். பத்து நாளில் படம் வந்தது.

நாயோடு ஒரு பையும் போக வேண்டும். எக்ஸ்ரே படங்கள், மருந்துச் சீட்டுகள், ரேபிஸ் ஊசி போட்ட தேதி, கருத்தடைக்கு உத்தேச மாதம், பழகிய சோற்றையே ஒரு வாரத்துக்குக் கொடுக்கச் சொல்லும் குறிப்பு. கூடவே அவளைப் பற்றி ஒரு தாள். செவலைக்கு நான் எழுதியது: தகரக் கதவுச் சத்தத்துக்குப் பயப்படுவாள். ஹெல்மெட் போட்டவர்களைப் பார்த்தால் குரைப்பாள், கடிக்க மாட்டாள். இடது பின்னங்காலைப் பிடித்து விளையாடக் குழந்தைகளை விடாதீர்கள். மழைக்காலத்தில் லேசாக நொண்டினால் பயப்பட வேண்டாம், நாலு நாளுக்கு மேல் நொண்டினால் காட்டுங்கள்.

அவள் போன மறுநாள் கூண்டைப் பிரித்து, பிளீச்சிங் பவுடர் கரைசல் ஊற்றிப் பத்து நிமிஷம் ஊறவிட்டு, தேய்த்துக் கழுவி, மொட்டை மாடியில் இரண்டு நாள் வெயிலில் போட்டேன். ரப்பர் மேட்டையும் அப்படியே. போர்வையைத் தூக்கிப் போட்டுவிட்டேன். மூன்றாம் நாள் தம்பி போன் செய்தான். "அக்கா, ஒரு கருப்பு நாய். பத்து நாள்தான்க்கா."